மொய்க் காட்சியைத் தேடி

போன ஞாயிற்றுக்கிழமை உசிலம்பட்டியிலிருந்து சின்ன அத்தை வந்திறங்கினார். பையில் சீனிச்சேவு, அதற்கடியில் பாலிதீன் உறையில் ஒரு ப்ளூ-ரே வட்டு. 2014இல் மகள் கல்யாணத்துக்கு வீடியோக்காரர் கொடுத்தது.

"மருமகனே, மொய் எழுதுகிற இடத்தை மட்டும் ஓட்டிக் காட்டு. பேரையூர்ப் பங்காளி என்ன செய்தார் என்று பார்க்க வேண்டும்."

அந்த வீட்டில் அடுத்த மாதம் காதுகுத்து. அத்தையின் மொய் நோட்டைக் கரையான் தின்றுவிட்டது.

என்னிடம் இருப்பது உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளம் போட்ட மடிக்கணினியும் யூஎஸ்பியில் செருகும் ப்ளூ-ரே டிரைவும். கடையில் வாங்கிய சினிமா வட்டு என்றால் ஏஏசிஎஸ் என்ற நகல்தடுப்புப் பூட்டோடு மல்லுக்கட்ட வேண்டும்; அதைத் திறக்கும் சாவி கிடைக்காவிட்டால் படம் ஓட்டும் மென்பொருளான விஎல்சி கையை விரித்துவிடும். வீடியோக்காரர் எழுதிய வட்டுக்குப் பூட்டு ஏது? வட்டில் பிடிஎம்வி என்ற அடைவைத் திறந்து, அதிலுள்ள ஸ்ட்ரீம் அடைவுக்குள் இருந்த எம்2டிஎஸ் வீடியோக் கோப்பை விஎல்சியில் இழுத்துப் போட்டதும் நாதஸ்வரம் கேட்டது.

தாலி கட்டும்வரை குறையில்லை. பந்தி தொடங்கியதும் மாமாவின் முகம் கட்டம் கட்டமாகச் சிதறி, படம் நின்றுபோனது. வட்டை விளக்கில் சாய்த்துப் பார்த்தேன். விளிம்பெல்லாம் கீறல், எண்ணெய்ப் பிசுக்கு. இதில் தகவல் நடுவிலிருந்து வெளிப்பக்கமாக எழுதப்படுகிறது. கடைசிக் காட்சிகள் நாம் கைவைக்கிற இடத்தில்தான் போய் உட்காரும். மேலே இருக்கும் காப்புப் படலமோ வெறும் 0.1 மில்லிமீட்டர். பருத்தித் துணியால் நடுவிலிருந்து விளிம்புக்கு நேராகத் துடைத்தேன். வட்டமாகத் துடைத்தால் தடம் நெடுகக் கீறல் விழும்.

பிறகு, பழுதான வட்டிலிருந்து தகவலை மீட்டு நகலெடுக்கும் டிடிரெஸ்க்யூ என்ற மென்பொருளை ஓட விட்டேன். படிக்க முடிந்ததையெல்லாம் முதலில் அள்ளிக்கொண்டு, முரண்டு பிடிக்கும் இடங்களுக்குப் பிறகு திரும்பி வரும் சமர்த்து அது. எதுவரை படித்தோம் என்று ஒரு கோப்பில் குறித்தும் வைத்துக்கொள்ளும். அத்தையின் கால் இரண்டு முறை ஒயரைப் பிடுங்கியும் விட்ட இடத்திலிருந்தே தொடர்ந்தது. 25 ஜிபி வட்டில் கடைசிவரை வராமல் போனது சில நூறு கேபி மட்டும்.

இரவு பதினொரு மணிக்கு, அப்படி எடுத்த ஐஎஸ்ஓவை, அதாவது வட்டின் முழு நகல் கோப்பை, ஓட்டினோம். பங்காளி வந்தார், மேசை முன் நின்றார், பணத்தை நீட்டினார். மைக்கில் மொய்த் தொகையை அறிவிப்பவர் வாயசைக்கிறார், ஆனால் அந்த இடம் முழுக்க வீடியோக்காரர் சினிமாப் பாட்டை ஏற்றிவிட்டிருக்கிறார். எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல.

அத்தை அசரவில்லை. "மெதுவாக நகர்த்து" என்றார். விஎல்சியில் ஈ என்ற ஆங்கில எழுத்தை அழுத்தினால் படம் ஒவ்வொரு ஃபிரேமாக நகரும். பதினேழாவது அழுத்தலில் விரலிடுக்கில் பழைய ஆயிரம் ரூபாய்த் தாள் ஒன்று, அதன்மேல் ஒரு நாணயம்.

"ஆயிரத்தொன்றுதானா? ஊருக்குள் ஐயாயிரம் என்று சொல்லித் திரிகிறாரே" என்றவர், படுக்கப் போகாமல் நாற்காலியை இன்னும் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டார். "அடுத்து நிற்பது யார், செக்கானூரணிக்காரரா? அவரையும் நகர்த்து."