இடியம் லிஸ்ட்டை மட்டும் நம்பி இன்டர்வியூ போகாதீங்க

தி.நகர், வேளச்சேரி பக்கம் ஸ்போக்கன் இங்கிலீஷ் கிளாஸ் போகிற பிள்ளைகள் பலர் கையில் ஒரு இடியம் லிஸ்ட், அதாவது இங்கிலீஷ் மரபுத்தொடர்களின் பட்டியல், இருக்கிறது. இந்தப் பக்கம் இடியம், அந்தப் பக்கம் ஒற்றை வரி அர்த்தம். ஆனால் அதை யார், யாரைப் பற்றிச் சொல்லலாம் என்பது அதில் இருக்காது, மாட்டிக்கொள்வது அங்கேதான்.

அக்கா மகள் ஓ.எம்.ஆரில் ஒரு கம்பெனி இன்டர்வியூவுக்குத் தயாராகிறாள். பழைய மேனேஜரைப் பற்றிச் சொல்லுடி என்றேன். "ஹீ ஹேஸ் ஹிஸ் ஹெட் ஸ்க்ரூட் ஆன்" என்றாள். "விவேகமானவர்னுதானே அர்த்தம் சித்தி?" அர்த்தம் சரிதான். நாம் மறை கழன்ற கேஸ் என்கிறோமே, அதற்கு நேர் எதிர், மறை ஒழுங்காக முடுக்கிய தலை. ஆனால் பெரும்பாலும் பெரியவர்கள் சின்னவர்களை மெச்சிச் சொல்வது அது, நம் பாட்டிகள் "விவரமான பொண்ணு" என்பார்களே, அந்த மாதிரி. மேனேஜரைப் போய் விவரமான பையன் என்போமா? லெவல்-ஹெடட் என்று சொல்லு, போதும் என்றேன்.

"நோஸ் விச் சைட் ஹிஸ் பிரெட் இஸ் பட்டர்ட்" இன்னும் சிக்கல். புத்திசாலி என்று படித்துவிட்டுப் போவார்கள், அது பிழைக்கத் தெரிந்தவன். கொஞ்சம் குத்தல் உண்டு.

குழப்பத்துக்கான இடியம்களும் அப்படித்தான். கரையே கண்ணில் படாத கப்பல்காரனின் நிலைதான் "ஆல் அட் சீ". புது வேலையில் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி இருந்தால் நம்மைப் பற்றியே தாராளமாகச் சொல்லலாம். "அட் சிக்ஸஸ் அண்ட் செவன்ஸ்" பகடை ஆட்டத்திலிருந்து வந்தது என்பார்கள், 14-ம் நூற்றாண்டில் ஆங்கிலக் கவிஞர் சாசர் இதையொட்டிய தொடரை, இருப்பதையெல்லாம் பணயம் வைக்கிற பொருளில் எழுதியிருக்கிறார். இன்றைக்கு அது ஆபீஸோ வீடோ தாறுமாறாகக் கிடப்பதைச் சொல்கிறது.

அப்புறம், "கான்ட் மேக் ஹெட் ஆர் டெயில் ஆஃப் இட்" என்பதை நம்ம தலைகால் புரியவில்லையோடு சேர்த்துவிடாதீர்கள். நாம் அதைச் சந்தோஷத்திலோ திமிரிலோ ஆடுகிறவனுக்குச் சொல்கிறோம், அவர்கள் ஒரு விஷயம் சுத்தமாக விளங்காதபோது சொல்கிறார்கள்.

"லாஸ்ட் ஹிஸ் மார்பிள்ஸ்" மட்டும் வேண்டவே வேண்டாம். அது புத்தி பேதலித்தவர் என்று ஏளனமாகச் சொல்வது. வீட்டில் மறதி வந்துவிட்ட தாத்தாவைப் பற்றி யாராவது கேட்டால், "ஹீ கெட்ஸ் கன்ஃப்யூஸ்ட் சம்டைம்ஸ்" என்று நேராகவே சொல்லுங்கள்.