மழைமானிக்கு ஒரு ராஸ்பெரி பை: கார்டில் சிஸ்டம் ஏற்றிய அனுபவம்

மன்னார்குடிக்குத் தெற்கே, பாமணியாற்றுப் பாசனத்தில் எங்கள் வயல். மேட்டூர் அணையில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பது தினமும் பேப்பரில் வந்துவிடும். ஐப்பசி, கார்த்திகையில் எங்கள் சம்பா வயலில் எத்தனை மில்லிமீட்டர் பெய்தது என்பதை நாங்களேதான் அளந்துகொள்ள வேண்டும். அதற்காகக் கொல்லையை ஒட்டிய மோட்டார் கொட்டகையில் ஒரு மழைமானி வைத்து, அளவை ராஸ்பெரி பை ஜீரோ 2 டபிள்யூ என்ற ஒரே போர்டில் அடங்கிய குட்டிக் கணினி மூலம் பதியப் போகிறேன். முதல் கட்டமாக மெமரி கார்டில் ஆபரேட்டிங் சிஸ்டம் ஏற்றும் வேலை முடிந்திருக்கிறது.

இந்தக் கணினியில் ஹார்ட் டிஸ்க் கிடையாது. சிஸ்டம், செட்டிங், நாம் எழுதும் புரோகிராம் எல்லாமே விரல் நகம் அளவுள்ள மைக்ரோ எஸ்டி கார்டில்தான். போர்டைப் பார்த்ததும் சித்தப்பா கேட்ட கேள்வி: "எல்லாம் சரிதாம்ப்பா, கரண்டு போயிப் போயி வந்தா இது தாங்குமா?" மழைக்காலத்தில் எங்கள் பக்கம் கரண்ட் நிலவரம் தெரிந்தவர் கேட்கும் கேள்வி. இந்த வேலை முழுவதையும் அதற்குப் பதில் சொல்லும்படிதான் செய்தேன்.

முதலில் கார்டு. டவுனில் ஒரு கடையில் 64 ஜிபி என்று அச்சிட்ட கார்டு மலிவாகக் கிடைத்தது. சிஸ்டம் ஏற்றும் முன் லினக்ஸ் லேப்டாப்பில் எஃப்3 என்ற இலவச புரோகிராமை ஓட்டினேன். இது கார்டு நிறையும்வரை ஒவ்வொன்றும் ஒரு ஜிபி அளவுள்ள கோப்புகளாக எழுதிவிட்டு, பிறகு அத்தனையையும் திரும்பப் படித்து ஒப்பிடும். எழுதும்போது ஒரு குறையும் தெரியவில்லை. படிக்கும்போதுதான் விஷயம் வெளியே வந்தது. முதல் சில கோப்புகள் சரி, அதற்கப்புறம் வரிசையாக எல்லாம் பாழ். உள்ளே இருந்தது 8 ஜிபி கூடத் தேறாது. 64 என்று காட்டும்படி கார்டின் கன்ட்ரோலரை மாற்றி விற்கிறார்கள். இப்படிப்பட்ட கார்டில் சிஸ்டம் நன்றாகவே ஏறும், பூட் ஆகவும் (கணினி எழுந்து வரவும்) செய்யும். சில மாதம் கழித்து டேட்டா அந்த எல்லையைத் தொடும்போது காலை வாரிவிடும். விண்டோஸ் வைத்திருப்பவர்கள் எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற புரோகிராமில் இதே சோதனையைச் செய்யலாம். கொஞ்சம் நேரம் பிடிக்கும்தான், ஆனாலும் புதுக் கார்டு எதுவானாலும் இந்தச் சோதனையைத் தாண்டாமல் பயன்படுத்தாதீர்கள்.

மாற்றாக வாங்கியது 32 ஜிபி, ஏ1 என்று குறித்த கார்டு. கேமராவுக்குத் தொடர்ச்சியாக எழுதும் வேகம் முக்கியம். சிஸ்டத்துக்கோ அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சின்னச் சின்னத் துண்டுகளைப் படித்து எழுதும் வேகம்தான் முக்கியம். ஏ1 என்றால் நொடிக்குக் குறைந்தது 1500 முறை படிக்கவும் 500 முறை எழுதவும் முடியும் என்று அர்த்தம். இந்த போர்டுக்கு அதுவே போதும். சோதனையில் முழு அளவும் சரியாக வந்தது.

ஏற்றுவது சுலபம். 2020-இல் வந்த ராஸ்பெரி பை இமேஜர் என்ற புரோகிராமில் போர்டு, சிஸ்டம், கார்டு மூன்றையும் தேர்ந்தெடுத்தால் அதுவே டவுன்லோட் செய்து எழுதி, சரிபார்த்தும் கொடுக்கிறது. 512 எம்பி ரேம்தான் என்பதால் டெஸ்க்டாப் இல்லாத லைட் பதிப்பை எடுத்தேன். எழுதும் முன் வரும் செட்டிங் பக்கத்தை மட்டும் அவசரப்படாமல் நிரப்புங்கள். பயனர் பெயர், பாஸ்வேர்டு, வைஃபை விவரம், நாடு இந்தியா, நேரம் கொல்கத்தா, கூடவே எஸ்எஸ்எச். ஜீரோவில் இருப்பது மினி எச்டிஎம்ஐ, அதற்கான கேபிள் எல்லார் வீட்டிலும் இருக்காது. எஸ்எஸ்எச் போட்டுவிட்டால் மானிட்டரும் கீபோர்டும் இல்லாமலே லேப்டாப்பிலிருந்து உள்ளே போய்விடலாம். பழைய வீடியோக்களில் பை என்ற பயனர், ராஸ்பெரி என்ற பாஸ்வேர்டு என்று சொல்வார்கள். 2022 ஏப்ரலில் அதை எடுத்துவிட்டார்கள். இப்போது நாம் கொடுப்பதுதான் பயனர் பெயர்.

வைஃபை விஷயத்தில் ஒன்று. இந்த போர்டுக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும்தான் தெரியும். போன் ஹாட்ஸ்பாட் 5 கிகாஹெர்ட்ஸில் இருந்தால் எத்தனை நேரம் காத்திருந்தாலும் சேராது. ஹாட்ஸ்பாட் செட்டிங்கில் மாற்றிவிடுங்கள்.

கார்டைச் செருகி, பவர் என்று எழுதியிருக்கும் ஓட்டையில் ஒயரைக் கொடுத்தேன். (பக்கத்திலேயே அதே மாதிரி இன்னொன்று இருக்கிறது, அது யூஎஸ்பிக்கு.) பச்சை விளக்கு சிமிட்ட ஆரம்பித்தது. முதல் முறை பூட் ஆகும்போது கார்டு முழுவதற்கும் பகுதியை விரித்துக்கொண்டு தானே ரீஸ்டார்ட் ஆகும் என்பதால் அந்த நேரத்தில் ஒயரைப் பிடுங்கக் கூடாது. கொஞ்ச நேரத்தில் லேப்டாப் டெர்மினலில் உள்ளே போக முடிந்தது. இடம் 29 ஜிபி என்று காட்டியது. அது குறைபாடு இல்லை, கம்பெனிக்காரர்கள் ஆயிரத்தால் கணக்கிடுகிறார்கள், சிஸ்டம் 1024-ஆல்.

அப்புறம் சித்தப்பாவின் கேள்விக்கு வந்தேன். கரண்ட் போவதால் மட்டும் கார்டு கெடுவதில்லை. எழுதிக்கொண்டிருக்கும்போது போவதுதான் ஆபத்து. இந்த மாதிரி கார்டுகள் நினைத்த இடத்தில் ஒரே ஒரு எழுத்தை மாற்றாது. பெரிய பெரிய பிளாக்குகளாக அழித்துத்தான் எழுதும். நடுவில் கரண்ட் நின்றால் அந்தக் கோப்போடு, சம்பந்தமே இல்லாத பக்கத்து டேட்டாவும் போகலாம். நாம் எதையும் சேமிக்காவிட்டாலும் லினக்ஸ் பாட்டுக்கு லாக் (நடப்பதைப் பற்றிய குறிப்பு) எழுதிக்கொண்டே இருக்கும்.

இதற்கு வழி சிஸ்டத்திலேயே இருக்கிறது. ராஸ்பி-கான்ஃபிக் என்ற செட்டிங் மெனுவில் பெர்ஃபார்மன்ஸ் பிரிவில் ஓவர்லே ஃபைல் சிஸ்டம் என்று ஒன்று. அதைப் போட்டுவிட்டால் கார்டு படிக்க மட்டும்தான். எழுதுவதெல்லாம் ரேமில் போகும், கரண்ட் போனால் அதுவும் போய்விடும். கணினி எழும்போது முதலில் படிக்கும் பூட் பகுதியையும் எழுத முடியாதபடி பூட்டவா என்று கேட்டது, அங்கே மாற்றம் செய்ய வேண்டியிருப்பதால் இப்போதைக்கு வேண்டாம் என்றேன். மழை அளவை போர்டில் வைக்காமல் வைஃபை வழியாக வீட்டு லேப்டாப்புக்கு அனுப்பப் போகிறேன். சோதித்துப் பார்க்க சித்தப்பாவையே கூப்பிட்டு பிளக்கைப் பிடுங்கச் சொன்னேன். பூட் ஆகும்போதும், ஓடும்போதும், அவர் இஷ்டத்துக்கு மாற்றி மாற்றிப் பிடுங்கினார். ஒவ்வொரு முறையும் சுத்தமாக எழுந்து வந்தது. "பரவாயில்லப்பா, கொட்டாயில மாட்டு" என்றார். எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

லோ வோல்டேஜ் தனிக் கதை. பெரிய பை போர்டுகள் 4.63 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் எச்சரிக்கும். ஜீரோ வகையில் அந்த வசதி இல்லை. அதனால் பழைய போன் சார்ஜரை நம்பாமல் 5 வோல்ட், 2.5 ஆம்பியர் அடாப்டரும், கெட்டியான குட்டை ஒயரும் போட்டிருக்கிறேன்.

பாக்கி இருப்பது கடிகாரம். இந்த போர்டில் பேட்டரியோடு ஓடும் கடிகாரம் கிடையாது, நெட் இருந்தால்தான் நேரம் சரியாகும். ஓவர்லே போட்டபின் கடைசி நேரத்தைக் கார்டில் குறித்து வைக்கவும் வழியில்லை. கரண்ட் வந்து வைஃபை வராவிட்டால் பழைய தேதியோடு எழுந்து நிற்கும். வானிலைத் துறை காலை 8.30-க்கு 8.30 என்றுதான் ஒரு நாள் மழையைக் கணக்கிடுகிறது. நேரம் தப்பினால் அதோடு எங்கள் அளவை ஒப்பிடவே முடியாது. டிஎஸ்3231 கடிகார மாட்யூலுக்கு ஆர்டர் போட்டிருக்கிறேன். வந்ததும், பூட்டாமல் விட்ட பூட் பகுதியில் இருக்கும் கான்ஃபிக் கோப்பில் அதற்கான வரியைச் சேர்க்க வேண்டும். மழைமானியின் ரீட் சுவிட்சை (காந்தம் பக்கத்தில் வந்தால் இயங்கும் சுவிட்ச்) இணைப்பது அதற்கடுத்த வேலை.