காலை எடுத்த அரை நொடியில் எகிறும் பூஸ்ட்

டர்போ (இஞ்சின் புகையால் சுழன்று உள்ளே காற்றை அழுத்தித் திணிப்பது) உள்ள வண்டியில் கியர் மாற்றி மறுபடி ஆக்சிலரேட்டரை மிதித்ததும் பூஸ்ட், அதாவது அந்தக் காற்றழுத்தம், எகிறுகிறது என்றால், நம் ஆட்கள் முதலில் கைவைப்பது பிஐடி எண்களில்தான். அழுத்தத்தை இலக்கில் நிறுத்தப் பார்க்கும் கணக்கு அது: பி இப்போதைய குறையைப் பார்க்கும், ஐ குறையைச் சேர்த்துக்கொண்டே போகும், டி மாறும் வேகத்தைப் பார்க்கும். பி-யைக் குறை, ஐ-யைக் குறை, டி-யைக் கொஞ்சம் ஏற்று என்று ஆளாளுக்கு ஒரு வைத்தியம். எண்களைக் குறைத்தால் எகிறல் அடங்கும்தான். கூடவே வண்டியும் மந்தமாகிவிடும். எகிறலுக்கான காரணம், மிதிப்பதற்கு முன்னால் காலை எடுத்த அந்த அரை நொடியில் இருக்கிறது. அங்கே பார்க்காமல் எண்களைத் திருகுவது வீண் வேலை.

இப்போது மதுரை புதூரில் என் ஷெட்டில் நிற்பது ஒரு ஃபியட் லீனியா டி-ஜெட். 1368 சி.சி பெட்ரோல், கம்பெனி கணக்கில் 114 குதிரை. மேலூர்ப் பையன் ஒருவன் தனி ஈசியூ (இஞ்சினை நடத்தும் கம்ப்யூட்டர்) போட்டு, வெளியூரில் யாரோ எழுதிக்கொடுத்த மேப்போடு (அதற்கான எண் அட்டவணைகளோடு) கொண்டுவந்தான்.

“அண்ணே, ரெண்டுல நல்லா இழுக்குது. மூணு போட்டு மிதிச்சா ஒரு செகண்டு பறக்குது, உடனே பின்னாலருந்து யாரோ சட்டையைப் பிடிச்சு இழுத்த மாதிரி நின்னுருதுண்ணே.”

அது ஃப்யூல் கட். 220 கிலோபாஸ்கல் தாண்டினால் பெட்ரோலை நிறுத்தச் சொல்லி ஈசியூவில் எழுதியிருக்கிறது. இலக்கோ 190. (இந்த எண்கள் எல்லாம் வெளிக்காற்றையும் சேர்த்தவை. மதுரையில் இஞ்சினை அணைத்துவிட்டுப் பார்த்தால் சென்சார் 100-ஐ ஒட்டிக் காட்டும். ஆக, 190 என்பது 0.9 பார் பூஸ்ட்.) அந்த ஃப்யூல் கட் எல்லையை 240-க்கு ஏற்றிவிடச் சொன்னான். அதை மட்டும் கேட்காதே தம்பி என்றேன். சித்திரை வெயிலில், காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரைத் தாண்டியும் காற்று சூடாகத்தான் உள்ளே போகிறது. அதோடு இலக்குக்கு மேல் 50 கிலோபாஸ்கல் வரை சேர்ந்தால் நாக்கிங் (பெட்ரோல் கண்டபடி வெடிப்பது) வரும், பிஸ்டன் போகும்.

விடியற்காலையில் ஒத்தக்கடை தாண்டி, யானைமலையைப் பின்னால் விட்டு, நாலுவழிச் சாலையில் லாக் (ஈசியூவின் பதிவு) எடுத்தோம். அவன் ஓட்ட, மடியில் லேப்டாப்போடு நான். லாக்கைப் பார்த்தால் கதை முழுக்கத் தெரிகிறது. கால் எடுத்ததும் த்ராட்டில் (காற்று போகும் வழியின் மூடி) மூடுகிறது, அதைத் தாண்டி இஞ்சின் பக்கம் உள்ள மேனிஃபோல்டு குழாயில் அழுத்தம் 40-க்கு விழுகிறது. ஆனால் இலக்கு அட்டவணை ஆர்பிஎம்மை மட்டும் பார்த்து எழுதப்பட்டது. அது இன்னும் 190-ஐயே கேட்டுக்கொண்டிருக்கிறது. 150 குறைகிறதே என்று பதறி, பிஐடியில் உள்ள ஐ அந்தக் குறையை நொடிக்கு நொடி கூட்டிச் சேர்த்துவைக்கிறது. டியூட்டி, அதாவது சோலனாய்டு என்ற மின் வால்வுக்கு ஈசியூ கொடுக்கும் உத்தரவின் அளவு, உச்சத்துக்குப் போய்விடுகிறது. டியூட்டி ஏற ஏற, ஆக்சுவேட்டருக்குப் போகவேண்டிய அழுத்தத்தை சோலனாய்டு வெளியே விட்டுவிடும். ஆக்சுவேட்டர் திறக்கவேண்டிய வேஸ்ட்கேட், அதாவது புகையை டர்பைனுக்கு (டர்போவில் புகை சுழற்றும் சக்கரம்) அனுப்பாமல் வெளியேற்றும் கதவு, மூடியே கிடக்கும். டர்போ இன்னும் நல்ல வேகத்தில் சுற்றிக்கொண்டிருக்கும் நேரம் அது. மூன்றைப் போட்டு மிதித்ததும் புகை முழுவதும் டர்பைன் வழியாகவே போகிறது. அழுத்தம் 190-ஐத் தாண்டிய பிறகுதான், சேர்த்துவைத்த கணக்கை ஐ கழிக்கவே ஆரம்பிக்கிறது. அதற்குள் 220.

எண்களைத் தொடுவதற்கு முன் டியூட்டியைச் சுழியமாக வைத்து ஒருமுறை ஓட்டச் சொன்னேன். ஆக்சுவேட்டர் ஸ்பிரிங்கின் அளவான 150-லேயே அழுத்தம் நின்றது, ஆர்பிஎம் ஏறியும் நகரவில்லை. நகர்ந்திருந்தால் வேஸ்ட்கேட் ஓட்டை போதவில்லை என்று அர்த்தம். அதை எந்த மென்பொருளும் சரிசெய்யாது, கிரைண்டரைத்தான் எடுக்க வேண்டும். அப்புறம் ஹோஸ். ஆக்சுவேட்டருக்கான அழுத்தத்தை யாரோ மேனிஃபோல்டிலிருந்து எடுத்திருந்தார்கள். த்ராட்டில் மூடியதும் அங்கே வேக்கம்தான் இருக்கும். த்ராட்டிலுக்கு முன்னால் குழாயில் எவ்வளவு அழுத்தம் நிற்கிறது என்பது ஆக்சுவேட்டருக்குத் தெரியவே தெரியாது. டர்போவில் காற்றை அழுத்தும் கம்ப்ரசரின் வாயிலிருந்து எடுத்து, ஹோஸை ஒரு சாணுக்குக் குறைத்தேன். ஹோஸ் நீளமாக இருந்தால் ஆக்சுவேட்டர் அசைவதற்குத் தாமதமாகும். அந்தத் தாமதத்தை டி-யை ஏற்றி ஈடுகட்டப் பார்த்தால் சென்சாரின் நடுக்கம்தான் பெரிதாகும்.

அதற்குப் பிறகுதான் மேப். முதலில் இலக்கை த்ராட்டிலோடு கட்டினேன்: பாதிக்குக் கீழே மிதித்தால் 150-க்கு மேல் கேட்காது. அடுத்து, இலக்குக்கு 20 கிலோபாஸ்கல் பக்கத்தில் வரும்வரை பிஐடி வாயே திறக்கக்கூடாது. அதுவரை அட்டவணையில் உள்ள டியூட்டி மட்டும். கால் எடுத்தால் ஐ சுழியத்துக்குத் திரும்ப வேண்டும். என்னைக் கேட்டால் பாதி வேலை இந்த ஒன்றிலேயே முடிந்துவிடும்.

மீதிப் பாதி அந்த டியூட்டி அட்டவணை. இரண்டாவது கியரில் ஆர்பிஎம் சட்டென்று ஏறிவிடும், டர்போ எழும்ப நேரமே கிடைக்காது. டியூட்டி கூடுதலாக வேண்டும். நான்காவதில் அதே டியூட்டியைக் கொடுத்தால் எகிறும். எனவே கியருக்கு ஒரு வரிசை. இதில் ஒரு சூட்சுமம் உண்டு. எந்தக் கியர் என்பதை ஈசியூ தெரிந்துகொள்வது, வண்டி வேகத்தையும் ஆர்பிஎம்மையும் ஒப்பிட்டு. கிளட்ச் மிதித்திருக்கும்போது அந்தக் கணக்கு பொய். மூன்றுக்குப் போகிற வழியில் ஈசியூ அதை ஐந்து என்றும் நினைக்கும், ஒன்று என்றும் நினைக்கும். கிளட்ச் சுவிட்சைக் கொண்டுவந்து இணைத்து, மிதித்திருக்கும்வரை இருப்பதிலேயே குறைந்த டியூட்டியை எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டேன்.

இப்போது இரண்டிலிருந்து மூன்றுக்குப் போனால் உச்சம் 195, உடனே 190-ல் நிற்கிறது. பி-யைக் குறைக்கவே இல்லை.

பையன் அடுத்து கொடைக்கானல் போக வேண்டும் என்கிறான். 2,100 மீட்டர் உயரத்தில் வெளிக்காற்றே 79-ஐ ஒட்டித்தான் இருக்கும். இங்கே 150 கொடுத்த ஸ்பிரிங் அங்கே 129தான் கொடுக்கும். அங்கேயும் 190-ஐக் கேட்டால் டியூட்டி எகிறும், டர்போ இங்கே சுற்றுவதைவிட வெகு வேகமாகச் சுற்ற வேண்டிவரும். எனவே வெளிக்காற்று குறையக் குறைய இலக்கும் இறங்கும்படி வைத்திருக்கிறேன்; கொடையில் 170. அவனிடம் சொல்லவில்லை. டேஷ்போர்டில் அவன் ஒட்டியிருக்கும் மீட்டர் வெளிக்காற்றுக்கு மேலே உள்ளதைத்தான் காட்டும். மலையிலும் அதே 0.9 பார் வரும். இதைப் படித்தால் தெரிந்துகொள்ளட்டும்.