இஎன்பி4எஸ்0 என்பது எந்தக் கேபிள்?

ஃபயர்வால் வேலைக்கென்றே ஒரு சின்னக் கணினி வைத்திருக்கிறேன். டெபியன் லினக்ஸ் ஓடுகிறது. மானிட்டர் இல்லை, கீபோர்டு இல்லை, பின்னால் இரண்டு நெட்வொர்க் போர்ட். இணையத்துக்குப் போகும் போர்ட்டின் பெயர் இஎன்பி3எஸ்0, உள்ளே சுவிட்சுக்கு வருவது இஎன்பி4எஸ்0. மூன்று வருடமாக அதன் பக்கமே நான் போகவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை, டிஸ்க் நிரம்பிவிட்டதே என்று, காலியாக இருந்த எம்.2 ஸ்லாட்டில் ஒரு என்விஎம்இ டிஸ்கைச் செருகி பவர் போட்டேன். அவ்வளவுதான். உள்ளே இருக்கும் எந்தக் கணினிக்கும் முகவரி கிடைக்கவில்லை, தூரத்திலிருந்து உள்ளே நுழைய உதவும் எஸ்எஸ்எச்சும் போகவில்லை.

மானிட்டரைத் தூக்கி வந்து மாட்டி, நெட்வொர்க் கார்டுகளைப் பட்டியலிடும் 'ஐபி லிங்க்' கட்டளையை அடித்தேன். இஎன்பி3எஸ்0 என்று ஒன்றே இல்லை. இருந்தவை இஎன்பி4எஸ்0, இஎன்பி5எஸ்0. இரண்டு பெயரும் ஒரு எண் தள்ளிப் போயிருந்தன. பெயர் காணாமல் போனால்கூடப் பரவாயில்லை, ஏதோ பிழை என்று உடனே தெரிந்துவிடும். இங்கே இஎன்பி4எஸ்0 என்ற பெயர் அப்படியே இருந்தது, ஆனால் அது இப்போது வெளிக் கேபிள். 'இஎன்பி4எஸ்0 வழியாக வருவதையெல்லாம் நம்பு' என்று ஃபயர்வாலில் நான் எழுதிவைத்த விதி, இணையத்தைப் பார்த்து நின்றுகொண்டிருந்தது. முகவரி வழங்கும் டிஎச்சிபி சர்வரும் அந்தப் பக்கமே கடை விரித்திருந்தது. முதல் வேலையாக வெளிக் கேபிளைப் பிடுங்கினேன்.

இந்தப் பெயருக்கு இருக்கும் பட்டம் 'முன்கூட்டியே கணிக்கத்தக்க பெயர்'!

எழுத்தைப் பிரித்துப் பார்த்தால் காரணம் தெரியும். 'இஎன்' ஈதர்நெட், 'பி3' கார்டுகள் இணையும் தடமான பிசிஐ பஸ்ஸின் எண் 3, 'எஸ்0' அதில் சாதனம் 0. வயர்லெஸ் என்றால் முதலில் 'டபிள்யூஎல்' வரும். ஆக இது கார்டின் பெயரே இல்லை, கார்டு உட்கார்ந்திருக்கும் இடத்தின் விலாசம். அந்த பஸ் எண்ணை யாரும் மதர்போர்டில் அச்சடித்து வைக்கவில்லை. பூட் ஆகும்போது பஸ்களை இணைக்கும் ஒவ்வொரு பிரிட்ஜாகப் போய், கண்ணில் படும் வரிசையில் எண் போடுகிறார்கள். நேற்றுவரை காலியாக இருந்த எம்.2 ஸ்லாட்டில் இன்று ஆள் வந்ததும் அதற்கு ஒரு எண் போனது, பின்னால் இருந்தவர்கள் எல்லோரும் ஒரு இடம் நகர்ந்தார்கள். கிராஃபிக்ஸ் கார்டு மாட்டினாலும் இதே கதை நடக்கலாம்.

இன்னொரு எரிச்சல்: பிசிஐ சாதனங்களைப் பட்டியலிடும் 'எல்எஸ்பிசிஐ' கட்டளை எண்களைப் பதினாறடிமானத்தில் காட்டும், பெயரிலோ பத்தடிமானம். பல லேப்டாப்களில் பார்க்கும் இஎன்பி0எஸ்31எஃப்6 என்ற விநோதம் அங்கே 00:1எஃப்.6 என்று இருக்கும். 1எஃப் என்றால் 31. இது உறைக்க எனக்கு ஒரு மாலை முழுவதும் ஆனது.

பழைய ஈத்0 காலமே மேல் என்று சொல்ல வரவில்லை. அப்போது லினக்ஸின் மையமான கெர்னல் எந்தக் கார்டை முதலில் கண்டதோ அது ஈத்0, அடுத்தது ஈத்1. இரண்டு டிரைவர்கள் ஒரே நேரத்தில் ஓடினால் யார் முந்துவார் என்பது அன்றன்றைய அதிர்ஷ்டம். அதைச் சமாளிக்க, சாதனங்களைக் கவனிக்கும் நிரலான யுடெவ், ஒவ்வொரு மேக் முகவரிக்கும் (கார்டுக்கே உரிய எண்) ஒரு பெயர் என்று கோப்பில் எழுதிவைத்தது. அப்புறம் மெய்நிகர் கணினியை நகலெடுத்தவர்கள் மாட்டினார்கள்: நகலுக்குப் புது மேக் முகவரி, கோப்பில் பழையது, எனவே புதுக் கணினியில் இருக்கும் ஒரே கார்டுக்கும் ஈத்1 என்று பெயர். அந்தக் கோப்பை அழித்துவிட்டு ரீபூட் செய்வதை நான் எத்தனை முறை செய்திருப்பேன் என்று கணக்கே இல்லை. 2013இல், லினக்ஸில் சேவைகளைத் தொடங்கி நிர்வகிக்கும் சிஸ்டம்டியின் 197ஆம் பதிப்பு இந்த இட விலாச முறையைக் கொண்டுவந்தது. மதர்போர்டிலேயே பதிந்திருக்கும் ஃபர்ம்வேர் 'இது என்னுடைய முதல் போர்ட்' என்று சொன்னால் இஎன்ஓ1, ஸ்லாட் எண் சொன்னால் இஎன்எஸ் வகை, இரண்டும் இல்லையென்றால்தான் பஸ் எண். என் போர்டு வாயே திறக்காத ரகம்.

லினக்ஸைப் போன்ற இன்னொரு யுனிக்ஸ் குடும்பமான பிஎஸ்டி ஆட்கள் இந்தச் சண்டைக்கே வருவதில்லை. ஃப்ரீபிஎஸ்டியிலும் ஓப்பன்பிஎஸ்டியிலும் டிரைவரின் பெயர்தான் கார்டின் பெயர்: இன்டெல் கிகாபிட் என்றால் இஎம்0, ரியல்டெக் என்றால் ஆர்இ0. 'மேன் இஎம்' என்று அடித்தால் அந்த வன்பொருளின் கையேடே திறக்கும், இது எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஆனால் இன்டெல் கார்டு செத்து ரியல்டெக் மாட்டினால் எல்லா விதியிலும் பெயரை மாற்ற வேண்டும். அதற்கு ஓப்பன்பிஎஸ்டியில் ஒரு அழகான வழி இருக்கிறது. வெளியே போகும் இயல்பு வழித்தடம் எந்தக் கார்டில் இருக்கிறதோ அது தானாகவே 'இக்ரெஸ்' என்ற குழுவில் சேர்ந்துவிடும். விதியில் கார்டின் பெயரே வேண்டாம், 'இக்ரெஸ்' என்று எழுதினால் போதும். எனக்கு வேண்டியதும் அதுதான். இந்த கேபிள் எந்த ஸ்லாட்டில் இருக்கிறது என்று யார் கேட்டார்கள்? அது வெளியா, உள்ளா?

அதனால் சிஸ்டம்டி படிக்கும் இரண்டு '.லிங்க்' கோப்புகள் எழுதினேன். மேட்ச் பகுதியில் மேக் முகவரி, லிங்க் பகுதியில் பெயர். ஈத்0 என்று மட்டும் வைக்கக் கூடாது. கெர்னலும் அதே பெயரைக் கொடுக்கப் பார்க்கும், இரண்டும் முட்டிக்கொள்ளும். ரோமன் எழுத்தில் 'வெளி0', 'உள்0' என்று வைத்தேன். பூட்டின் தொடக்கத்தில் ஏறும் இனிட்ராம்எஃப்எஸ்ஸை ஒருமுறை புதுப்பித்து ரீபூட் செய்தேன். கெர்னல் பதிவில் 'வெளி0: ரீநேம்டு ஃப்ரம் ஈத்0' என்ற வரியைப் பார்த்த பிறகுதான் கேபிளைத் திரும்பச் செருகினேன்.

சரி, ரோமன் எதற்கு, தமிழிலேயே வைத்தால் என்ன என்று ஒரு ஆசை வந்தது. பெயருக்கு 15 பைட்தான் இடம். யுஎஸ்பி கார்டுகளுக்கு வரும் 'இஎன்எக்ஸ்' பெயர், மேக் முகவரியின் 12 எழுத்தோடு சேர்ந்து அந்த 15ஐயும் முழுங்கிவிடும், பின்னால் வீலான் (ஒரே கேபிளில் தனித்தனி நெட்வொர்க்) எண் ஒட்டக்கூட இடம் இருக்காது. தமிழில் ஒவ்வொரு குறியீடும் யுடிஎஃப்-8இல் மூன்று பைட். 'வெளி' என்பதற்கு 12, ஒரு சுழியம் சேர்த்தால் 13. உள்ளே போய்விடும்! கெர்னலுக்கு ஆட்சேபம் இல்லை, ஒரு டம்மி கார்டுக்கு அந்தப் பெயரை வைத்தும் பார்த்தேன். சிஸ்டம்டிதான் ஆஸ்கி (அடிப்படை ஆங்கில எழுத்துகள், எண்கள், குறிகள்) தாண்டிய பெயரை ஏற்க மறுக்கிறது. 'வெளியே' என்று வைத்திருந்தால் கெர்னலிடமே இடம் பத்தாது, அது 18.