பூகோள வகுப்பும் பனி செதுக்கிய மலைகளும்

எங்கள் பூகோள மாஸ்டர் கரும்பலகையில் இரண்டு பள்ளத்தாக்குகளைப் பக்கத்தில் பக்கத்தில் வரைவார். ஆறு வெட்டியது 'வி' வடிவம், பனியாறு, அதாவது மெல்ல நகரும் பனிக்கட்டித் திரள், வெட்டியது 'யூ' வடிவம். வகுப்பில் ஒருவரும் பனியாற்றைக் கண்ணால் கண்டதில்லை, பரீட்சைக்குப் பாடமாக்கியதோடு சரி. புலம்பெயர்ந்து வந்து, வார இறுதிகளில் மலை ஏறும் பழக்கம் தொற்றிக்கொண்ட பிறகுதான் அந்தப் படங்கள் எனக்குள் மெல்ல உயிர் பெற்றன. நடக்கிற நம்மவர்கள் இப்போது நிறையப் பேர் என்பதால் அதையே இந்த மலருக்கு எழுதுகிறேன். உச்சியை மட்டும் குறிவைத்து நடக்காதீர்கள், மலை எப்படி உண்டானது என்று காலடியிலேயே எழுதியிருக்கிறது, கொஞ்சம் பழகினால் யாருக்கும் வாசிக்க வரும்.

முதலில் போக வேண்டிய இடம் என்று யாராவது கேட்டால் வட வேல்ஸில் உள்ள கும் இட்வால் என்பேன். மூன்று பக்கமும் செங்குத்துப் பாறை, நடுவில் ஏரி, பனியாறு குடைந்தெடுத்த கிண்ணம். வருகிறவர்கள் ஏரியைப் படம் எடுத்துவிட்டு மேலே போய்விடுவார்கள். ஏரிக்கரையில் புல் மூடிய சிறு மேடுகள் இருக்கின்றன, அங்கே ஒரு நிமிடம் நில்லுங்கள். புல் பெயர்ந்த இடத்தில் உள்ளே பார்த்தால் பெரிய கல், சின்னக் கல், களிமண் எல்லாம் தாறுமாறாகக் கலந்து கிடக்கும், கற்களின் முனைகளும் அவ்வளவாக மழுங்கியிருக்காது. ஆறு கொண்டுவந்திருந்தால் கல்லை உருட்டி மழுக்கி, பருமன்வாரியாகப் பிரித்துப் போட்டிருக்கும். பனிக்கு அந்தத் தெரிவு கிடையாது, சுமந்து வந்ததை எல்லாம் உருகிய இடத்தில் அப்படியே போட்டுவிடும். ஸ்கொட்லாந்திலும் வேல்ஸிலும் கடைசிப் பனியாறுகள் மறைந்து ஏறத்தாழ 11,700 ஆண்டுகள்தான் ஆகின்றன. பாறையின் வயதோடு பார்த்தால் இது நேற்று நடந்தது.

சார்ல்ஸ் டார்வின் 1831இல், இருபத்திரண்டு வயதில், கேம்பிரிட்ஜ் பேராசிரியர் அடம் செட்ஜ்விக்குடன் இதே கும் இட்வாலுக்கு வந்து மணிக்கணக்கில் பாறைகளைத் தேடிப் பார்த்திருக்கிறார். தேடியது புதைபடிவங்களை. பனி விட்டுப்போன தடயங்கள் சுற்றிவர இருந்தும் இருவர் கண்ணிலும் படவில்லை. 1840இல் சுவிஸ் அறிஞர் லூயி அகாசிஸ் ஸ்கொட்லாந்துக்கு வந்து இங்கெல்லாம் ஒரு காலத்தில் பனியாறுகள் இருந்தன என்று வாதிட்ட பிறகு, 1842இல் டார்வின் திரும்பி வந்து பார்த்தபோது எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. எதைத் தேடுகிறோம் என்று தெரிந்திருந்தால்தான் கண் அதைப் பிடிக்கிறது. அதனால்தான் அந்தக் கரும்பலகைப் படங்களுக்கு நான் இவ்வளவு கடமைப்பட்டிருக்கிறேன்.

இன்னொன்றும் பாருங்கள். பாதையோரத்தில் வழுவழுப்பான பாறை முதுகு கண்ணில் பட்டால் குனிந்து கையால் தடவுங்கள். ஒரே திசையில் ஓடும் மெல்லிய கீறல்கள் விரலுக்குத் தட்டுப்படும். பனியின் அடியில் சிக்கிய கற்கள் உரசிப் போட்ட கோடுகள் அவை, பனி எந்தப் போக்கில் நகர்ந்தது என்பதைக் காட்டும். அந்தப் பாறை முதுகுகளில் பனி வந்த பக்கம் தேய்ந்து சரிவாகவும், போன பக்கம் பிய்த்தெடுத்ததுபோல் கரடுமுரடாகவும் இருக்கும். அதனால் பள்ளத்தாக்கில் மேலே ஏறும்போது உடைந்த முகங்களும், அதே வழியில் இறங்கும்போது வழுவழுப்பான முதுகுகளும் தெரியும்.

பனி செதுக்கியது வெளி உருவத்தை. உள்ளே இருக்கும் பாறையின் கதை வேறு, அது மிக நீளம். வேல்ஸில் 1,085 மீட்டர் உயரமுள்ள ஸ்நோடன் மலை உச்சியில் கடல்வாழ் உயிர்களின் சிப்பிப் பதிவுகள் கிடைக்கின்றன. ஏறத்தாழ 45 கோடி ஆண்டுகளுக்கு முன் எரிமலைச் சாம்பல் கடலடியில் படிந்து இறுகிய பாறை அது. பிறகு நிலம் நெருக்குண்டு மடிந்தபோது, இன்று உச்சியாக இருப்பது கீழ்நோக்கிய மடிப்பு ஒன்றில் இருந்தது! சுற்றியிருந்தவை அரிபட்டுப் போக அது நிமிர்ந்து நிற்கிறது. ஸ்கொட்லாந்தின் வடமேற்கில் சூல்வென் இன்னும் விநோதம். உயரம் 731 மீட்டர்தான், ஆனால் ஏறத்தாழ 100 கோடி ஆண்டு வயதான மணற்கல், 300 கோடி ஆண்டு வரை வயதான, நைஸ் (gneiss) எனப்படும் உருமாறிய பாறை மேல் தனியே உட்கார்ந்திருக்கிறது. மேடும் குட்டையுமாகக் கிடக்கும் சாம்பல் நிற நைஸ் நிலத்தைக் கடந்து மணற்கல்லின் அடிக்குப் போய்ச் சேரும்போது, கால் ஒரு யுகத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறுகிறது. அந்த எல்லைக்கோட்டில் நான் எப்போதும் கொஞ்ச நேரம் உட்காருவேன்.

இதெல்லாம் ரசனைக்கு மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். ஸ்கை தீவின் கூலின் மலைகள் பெரும்பாலும் கப்ரோ என்ற சொரசொரப்பான தீப்பாறை, சப்பாத்து நன்றாகப் பிடிக்கும். அதை ஊடுருவிச் செல்லும் பசோல்ட் என்ற நுண்மணி எரிமலைப் பாறைப் பட்டைகளோ ஈரத்தில் வழுக்கும். மழை பெய்து ஓய்ந்த நாளில் பாறையின் நிறமும் அதன் மணிகளின் பருமனும் மாறுவதைப் பார்த்துத்தான் அடுத்த அடி வைக்க வேண்டும். அங்குள்ள பாறைகளில் காந்தத் தன்மை இருப்பதால் திசைகாட்டி பல இடங்களில் பிழையாகக் காட்டும். மூடுபனி இறங்குவதற்கு முன்பே சமவுயரக் கோடுகளை நிலத்தோடு பொருத்திப் பார்த்து, எந்த முகட்டில் நிற்கிறீர்கள் என்பதை வரைபடத்தில் உறுதிசெய்து வையுங்கள்.