ஆறாம் மாதத்துக்கு அப்புறம்

எச்ஐவி உள்ள தாய்க்குக் குழந்தை பிறந்தால் எல்லாருடைய கண்ணும் ரத்தப் பரிசோதனை மேல்தான். அது நியாயம்தான். எந்தத் தடுப்புச் சிகிச்சையும் இல்லாவிட்டால், 100 குழந்தைகளில் 15 முதல் 45 வரை தொற்று ஏற்படலாம். தாய் மருந்தை விடாமல் சாப்பிட்டு, கிருமி அடங்கியிருந்து, பால் மாவு கொடுத்து வளர்த்தால் அது 1 விழுக்காட்டுக்கும் கீழே போய்விடுகிறது. சிங்கப்பூரில் கர்ப்பிணிகளுக்கு இந்தப் பரிசோதனை வழக்கமானது என்பதால் பெரும்பாலும் முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது.

ஊட்டச்சத்து ஆலோசகரான என்னிடம் அந்தத் தாய்மார் வருவது அதற்கு அப்புறம். "தொற்று இல்லைன்னு சொல்லிட்டாங்கல்ல, இனி என்ன?" என்று கேட்பார்கள். இனிதான் நிறைய இருக்கிறது. தாயிடமிருந்து தொற்று வராத பிள்ளைகளும், எச்ஐவி இல்லாத தாய்மாரின் பிள்ளைகளைவிடச் சராசரியாகக் கொஞ்சம் குறைவாக வளர்வதை ஆப்பிரிக்க ஆய்வுகள் பல காட்டியிருக்கின்றன. தொற்றைத் தடுக்கப் பிறந்ததும் கொடுக்கும் சிடோவுடின் மருந்து சில பிள்ளைகளுக்கு ரத்தசோகையைக் கொண்டுவரும். நிறுத்தினால் பெரும்பாலும் சரியாகிவிடும். பிறக்கும்போது உடம்பில் இருந்த இரும்புச்சத்து ஆறு மாதத்தில் கரைந்துவிடும். அதனால் ஆறாம் மாதத்தில் தொடங்கும் திட உணவின் முதல் கிண்ணத்தில் என்ன இருக்கிறது என்பது எனக்குப் பெரிய விஷயம்.

பெரும்பாலும் இருப்பது தண்ணியான கஞ்சி. பாட்டிமார் அன்பாகத்தான் கொடுக்கிறார்கள், தொண்டையில் அடைத்துவிடும் என்ற பயம். கரண்டியைச் சாய்த்தால் ஒழுகாத அளவுக்குக் கெட்டியாக இருக்கட்டும் என்பேன். தேக்கா சந்தையில் வாங்கிய மீனை முள் பார்த்து எடுத்து, வேகவைத்து மசித்துக் கலக்கலாம். நன்றாக வெந்த முட்டை, பருப்பு, ஒரு சொட்டு எண்ணெய். உப்பும் சீனியும் வேண்டாம், ஒரு வயது வரை தேனே கூடாது. தாய்ப்பால் இல்லாத பிள்ளைக்கு மற்றவர்களைவிட ஒரு வேளை கூடுதலாகவே ஊட்டச் சொல்வேன்.

இவ்வளவும் சுலபம். சிரமம் வேறு இடத்தில். ஒரு மாமியார் என்னிடம் கேட்டார், "மிஸ்ஸி, பால் இருந்தும் இவ ஏன் பிள்ளைக்குக் குடுக்கல?" மருமகள் தரையைப் பார்த்தாள். அவள் நோய் அவருக்குத் தெரியாது. "அவங்க சாப்பிடுற மருந்துக்காக டாக்டர் வேணாம்னு சொல்லியிருக்காரும்மா" என்றேன். அதைத் தாயிடம் தனியாகப் பேசி, சம்மதம் வாங்கி வைத்திருந்தேன். வீட்டில் யாருக்குத் தெரியும், யாருக்குத் தெரியக்கூடாது என்று கேட்காமல் நான் ஆலோசனையைத் தொடங்குவதே இல்லை.

சில தாய்மார் கைபேசியில் படித்துவிட்டுக் குழம்பி வருவார்கள். உலகச் சுகாதார நிறுவனம் 2016இல் மருந்தோடு குறைந்தது 12 மாதம் தாய்ப்பால் கொடுக்கச் சொல்லியிருக்கிறதே, இங்கே மட்டும் ஏன் பால் மாவு? சுத்தமான தண்ணீரும் பால் மாவும் எட்டாத ஊரில் வயிற்றுப்போக்கும் சத்துக்குறைவும் பிள்ளைகளைக் கொன்றுவிடும். அங்கே அந்தக் கணக்கு வேறு. தாய்ப்பால் கொடுக்க வேண்டும் என்ற ஆசையோடு கேட்பவளைத் தட்டிவிடாமல் மருத்துவரிடம் பேச வைப்பேன்.

சுமார் 18 மாதத்தில் தாயிடமிருந்து வந்த எதிர்ப்பொருள் (கிருமியை எதிர்க்கத் தாயின் உடம்பு உருவாக்கியது) மறைந்ததை உறுதிசெய்தபின் பலரும் வருவதை நிறுத்திவிடுகிறார்கள். எச்ஐவி சிகிச்சை தரும் அந்தப் பிரிவின் பெயரைப் பார்த்தாலே பயம். நானும் கட்டாயப்படுத்துவதில்லை. வீட்டுக்குப் பக்கத்துப் பலதுறை மருந்தகத்துக்குத் தடுப்பூசிக்குப் போகும்போது எடையும் உயரமும் பார்த்து, சுகாதாரக் கையேட்டில் குறித்து வரும்படி சொல்கிறேன், இரண்டு வயது வரைக்குமாவது.