பசியாறிட்டீங்களா?

மலேசியாவில் இருக்கும் சுங்கை சிப்புட்டுக்கு வருகிறவர்களை முதலில் எங்கே கூட்டிப்போவது என்று கேட்டால் ஒட்டுக்கடைக்குத்தான், அதாவது சாலையோரச் சாப்பாட்டுக் கடைக்குத்தான் என்பேன், அதுவும் விடியற்காலையில். சென்னையிலிருந்து வந்த ஒரு தம்பதியை அப்படித்தான் அழைத்துப்போனேன். கடைக்கார அக்கா "பசியாறிட்டீங்களா?" என்று கேட்டதும் அந்த அம்மாவுக்கு முகமே மலர்ந்துவிட்டது. இங்கே காலைச் சாப்பாடு என்றாலே பசியாறுவதுதான்.

அப்புறம் பரோட்டா மாதிரியான ரொட்டி சானாய். எண்ணெயில் ஊறிய மாவு உருண்டையைத் தட்டி, வீசி, கண்ணாடி மாதிரி மெலிந்ததும் மடித்துக் கல்லில் போட்டார், வெந்ததை இரண்டு கையாலும் அடித்தபோது அடுக்கடுக்காகப் பிரிந்தது. இதையெல்லாம் பார்க்காமல் சுற்றுலா பஸ்கள் பக்கத்து நகரமான ஈப்போவின் குகைக் கோயில்களோடு திரும்பிவிடுவது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

பக்கத்து மேசையில் 30 வருஷம் ரப்பர் மரத்தில் பால் வெட்டிய பாட்டி. வெயில் ஏறினால் பால் குறைந்துவிடும், அதனால் இருட்டிலேயே போய்விடுவோம் என்று சொல்லி, பட்டையைச் சீவும் சாய்வைக் கையாலேயே காட்டினார்.

அங்கிருந்து பக்கத்து ஊரான கோலகங்சார் போனோம். 1877-இல் வந்த ரப்பர் நாற்றுகளின் காலத்து மரம் ஒன்று இன்னும் அங்கே நிற்கிறது. அதன் முன்னால் நின்ற அந்தச் சென்னை அம்மா, ஒன்றும் பேசாமல், காற்றில் விரலைச் சாய்வாக இழுத்துப் பார்த்தார்.